எண்ணின் மேல் பூத்த வெள்ளை

எங்கள் இயக்குநர் ஒரு புதிய கனிமத்தைக் கண்டுபிடித்துவிட்டார். திங்கட்கிழமை காலை, நாற்காலியை விட்டு எழாமலே எனக்கு அதை அறிவித்தார்.

அவருக்கு நான் வைத்த பெயர் மேடை. நான்கு பலகையைச் சேர்த்து அடித்து வைத்தால் போதும், ஏறி நின்று இரண்டு வார்த்தை பேசாமல் இறங்க மாட்டார். எங்கள் அருங்காட்சியகத்துக்கு வருமுன் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல்லைத் தரம் பார்த்துக் கொடுத்தவர். சுண்ணாம்பை லாரி லாரியாகப் பார்த்த மனிதரிடம் கல்லாகிப்போன ஒரு சிப்பியைக் கொடுத்தால், அரைத்தால் எத்தனை கைப்பிடி தேறும் என்றுதான் பார்ப்பார். சிப்பி எது, சிப்பியில் ஒட்டிய மண் எது என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். கேட்டதை ஐந்து நிமிடம் கழித்து எனக்கே பாடம் நடத்துவார்.

நான் பாறைக்குள் புதைந்து கிடக்கும் சிப்பிகளையும் நத்தை ஓடுகளையும் ஊசியால் சுரண்டி வெளியே எடுத்துச் சுத்தம் செய்கிறவள். இருபத்தாறு வருடமாக அதே வடக்கு ஜன்னல், அதே நுண்ணோக்கி, அதே முதுகுவலி. என் கையில் இதுவரை ஒரு ஓடு உடைந்ததில்லை. அந்தத் தைரியத்தில் நான் யாரையும் மதித்ததுமில்லை. வாய்க்கொழுப்பு என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். கை சுத்தமாக இருப்பவளுக்கு வாய் கொஞ்சம் கொழுத்திருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கண்புரை அறுவைக்காக இரண்டு மாதம் விடுப்பில் இருந்துவிட்டு அந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். பையை வைக்குமுன் மேடையின் அறையிலிருந்து ஆள் வந்தது.

"உட்காருங்க, உட்காருங்க" என்றார். இரண்டு முறை உட்காரச் சொன்னால் ஏதோ பெரிதாக வைத்திருக்கிறார் என்று அர்த்தம். மேசைமேல் ஒரு தட்டில் ஐந்து ஓடுகள் இருந்தன. ஐந்தும் என் அலமாரியிலிருந்து, நான் இல்லாதபோது எடுத்தவை.

"இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்."

"சிப்பி, சார்."

"சிப்பி எனக்கும் தெரியும். மேல என்ன இருக்கு?"

மேலே வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஓடுகளின் மேல் ஏறும் பூச்சுகளில் நான் பார்க்காதது கொஞ்சம்தான். பொன் என்று ஏமாந்து போகும்படி மின்னும் இரும்புக் கந்தகம் பார்த்திருக்கிறேன். தோண்டும்போது நிறமில்லாமல் இருந்து, வெளிச்சம் பட்டதும் நீலமாகிப்போகும் இரும்புப் பாஸ்பேட் பார்த்திருக்கிறேன். கறுப்பாகக் கிளைவிட்டுப் படரும் மாங்கனீசைப் பார்த்துவிட்டு, செடி செடி என்று குதித்த பேராசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். இது அந்த வகையில் எதுவும் இல்லை. பட்டு நூலைப் பொடியாக நறுக்கி நட்டு வைத்ததுபோல் மெல்லிய வெள்ளை ஊசிகள், கொத்துக் கொத்தாக, மேடு பள்ளம் எல்லா இடத்திலும் நின்றன.

"போன மாசமே பார்த்துட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல. பெரிய ஆய்வுக்கூடத்துக்கு மாதிரி அனுப்பினேன். என்ன எழுதியிருக்காங்க தெரியுமா?" கடிதத்தை எடுத்து, குரலைச் சரி செய்துகொண்டு படித்தார். "'தங்கள் மாதிரி எங்கள் பட்டியலில் உள்ள பாறைக் கனிமம் எதனுடனும் பொருந்தவில்லை.' பொருந்தலையாம்! புரியுதா?"

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மாதிரி எங்கே, எந்தச் சூழலில் வைக்கப்பட்டிருந்தது என்று தெரிவிக்கச் சொல்லியிருந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து தலைகீழாகவே நான் அதைப் படித்துவிட்டேன். மேடை அந்த வரிக்கு வருமுன் கடிதத்தை மடித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை கூட்டம். பத்திரிகைக்காரங்க வர்றாங்க. பேர்கூட வச்சாச்சு."

கனிமங்களின் பெயர் 'ஐட்' என்று முடிவது வழக்கம். தன் பெயரின் பின்னால் அந்த வாலை ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்தார். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்தாயிற்று. நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நாலு நாள்ல கொஞ்சம் அழகு பண்ணிக் கொடுங்க. ஓட்டைத் துடைங்க, பூச்சை மட்டும் தொட்டுடாதீங்க. முக்கியமா இது. இதுலதான் நல்லா வந்திருக்கு."

அவர் விரல் நீட்டிய இடத்தில் என் கடைக்குட்டி இருந்தது.

கடைக்குட்டி என்பது சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நத்தை ஓடு. ஒன்பது கோடி வருடம் பழையது. அந்த இனத்தில் உலகத்திலேயே இதுவரை கிடைத்தது அது ஒன்றுதான். கல்லிலிருந்து அதை வெளியே கொண்டுவர எனக்குப் பதினோரு மாதம் பிடித்தது. உடம்பைச் சுற்றித் தலைமுடி அளவில் மெல்லிய வரிகள், நாற்பத்தொன்று. அந்த வரிகளை வைத்துத்தான் அது தனி இனம் என்று முடிவு செய்தார்கள். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இதைச் சொன்னதும் பரிதாபப்பட ஒரு கூட்டம் காத்திருக்கும், அவர்களுக்கு வேறு வேலை இல்லை. ஆனாலும் கடைக்குட்டியை அந்த வெள்ளைக்குள் பார்த்ததும், அவரைக் கேட்காமலே தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

தட்டை எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தேன். புதுக் கண்ணோடு நுண்ணோக்கியில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எல்லாம் கழுவி வைத்ததுபோல் தெளிவாகத் தெரிந்தது.

ஒவ்வொரு ஓட்டிலும் ஓரமாக ஒரு சின்ன வெள்ளைப் பட்டை தீட்டி, அதன்மேல் கறுப்பு மையில் பதிவு எண் எழுதுவோம். கடைக்குட்டியின் எண் 4017. அந்த ஏழின் தலைமேல் ஒரு கொத்து வெள்ளை ஊசி ஏறி உட்கார்ந்திருந்தது. மைக்கு அடியில் அல்ல, மைக்கு மேலே. அந்த ஏழை எழுதியது நான்தான், மூன்று வருடத்துக்கு முன், புது அலமாரிக்கு எல்லாவற்றையும் மாற்றியபோது. ஒன்பது கோடி வருடமாக மண்ணுக்குள் விளைந்த கனிமம், மூன்று வருடத்துக்கு முன் எழுதிய ஏழின் மேல் எப்படி வந்து உட்காரும்? நான் எண் போடும்வரை பொறுமையாகக் காத்திருந்து, மை காய்ந்ததும் ஏறிக்கொண்டதா?

மற்ற நான்கிலும் பார்த்தேன். ஒன்றில் எண்ணின் மேல் இருந்தது. இன்னொன்றில் அடியில் வைத்திருந்த அட்டைத் துண்டின் மேலேயே ஒரு கொத்து படர்ந்திருந்தது. அட்டைக்கும் ஒன்பது கோடி வயது போலிருக்கிறது. வடித்த நீரில் ஊசி முனையைத் தோய்த்து ஓரத்தில் ஒரு கொத்தின் மேல் வைத்தேன். சர்க்கரை கரைவதுபோல் கரைந்துபோயிற்று. முகர்ந்து பார்த்தேன். மெலிதாக வினிகர் வாசனை அடித்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மருத்துவர் கண்ணைக் கசக்காதே என்று சொல்லியிருந்தார், அதனால் கசக்காமல் சிரித்தேன்.

விஷயம் எளிது. எங்கிருந்தோ புளித்த ஆவி வந்து ஓட்டின் சுண்ணாம்பைத் தின்கிறது. தின்று கக்கிய உப்புதான் இந்த வெள்ளை. மழைக்கால ஈரத்தில் அது இன்னும் கொழுத்திருக்கிறது. மேடை தன் பெயரைச் சூட்டப்போவது ஒரு சொறிக்கு. பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்றால் இதுதான்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான்கு பேர் இருக்கும் அறையில் கவிழ்ப்பதைவிட நாற்பது பேருக்கு முன்னால் கவிழ்ப்பது ருசி. வெள்ளிக்கிழமை அவர் மேலே ஏறி நின்று, பெயரையும் சொல்லி முடித்த பிறகு, ஒரு துளித் தண்ணீர் விடுவதென்று முடிவு செய்தேன். மாலையில் கடைக்குட்டியை அதன் இழுப்பறையில் திரும்ப வைத்து, சொடுக்கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

புளிப்பு எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பாக்கி. அதற்கும் என்னிடம் ஆள் தயாராக இருந்தார். எங்கள் கிடங்குப் பொறுப்பாளர், என் வாயில் அவர் பெயர் தகரம்.

அந்தப் பெயர் வந்த கதை இது. மூன்று வருடத்துக்கு முன், சேகரிப்புக்கு என்ன அலமாரி செய்யலாம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். மனிதர் எழுந்து, தாளைப் பார்த்துப் பார்த்து, "இரும்பு அலமாரிதான் நல்லது. மரத்தை நம்ப முடியாது" என்று இழுத்தார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான், பஞ்சர் ஆன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல் வரும். நான் முடிக்க விடவில்லை. "தகர டப்பாவுல போட்டு வைக்க இது என்ன பிஸ்கட்டா, சார்?" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல ஓக் மரத்தில், நல்ல கைவேலையாக அலமாரி வந்தது. செய்தது என் தம்பி.

தகரம் தன் சாப்பாட்டு டப்பாவில் எப்போதும் வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய் கொண்டுவருவார். அதை என் அலமாரிப் பக்கம் உட்கார்ந்து தின்றிருப்பார், மூடியைத் திறந்து வைத்திருப்பார் என்று வழக்கையே எழுதி முடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் அவர் கிடங்குக்குப் போனேன். அது கட்டடத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்கு அடியில். அங்கே பழைய இரும்பு அலமாரிகளில் உடைந்தவை, தரம் குறைந்தவை, புது அலமாரியில் இடம் கிடைக்காதவை எல்லாம் இருந்தன.

"வாங்கம்மா. கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுது, சார். நீங்க சாப்பாட்டை எங்க வச்சு சாப்பிடுறீங்க?"

கேள்வி அவருக்கு விசித்திரமாகத்தான் இருந்திருக்கும். "வெளியில பெஞ்சுல. சேகரிப்பு பக்கம் சாப்பாடு கொண்டு போகக்கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டினீங்க?"

ஒட்டியது நான்தான். அடியில் 'படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்' என்றும் எழுதியிருந்தேன். வேறு வழியில்லாமல் அவர் அலமாரிகளில் சிலவற்றைத் திறந்து பார்த்தேன். கடைக்குட்டி கிடைத்த அதே குழி, அதே மூட்டை, உடைந்த துண்டுகள். புதுக் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு புள்ளி வெள்ளை இல்லை. அதே மழை, அதே ஈரம், இங்கே ஒன்றும் இல்லை.

"இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "யாரும் பார்க்க வர்றதில்ல."

அப்போதாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது தம்பியிடமும் தம்பி மனைவியிடமும் கதையைச் சொன்னேன். அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் இருக்கிறேன், கீழே முன்பக்கம் தம்பியின் பட்டறை. மேடை போலவே குரலை ஏற்றி, "பொருந்தலையாம்! புரியுதா?" என்று நடித்துக் காட்டினேன். தம்பி மனைவிக்குச் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் புரையேறியது. தம்பி சிரிக்கவில்லை. தட்டில் கை அப்படியே நின்றது.

"என்ன வாசனைன்னு சொன்னே?"

"வினிகர் மாதிரி. ஏன்?"

அவன் கையைக் கழுவிவிட்டுப் பட்டறைக்குப் போனான். ஒரு பழைய பெயிண்ட் டப்பாவோடு திரும்பி வந்தான். மூடி இறுக்கமாக அடைத்திருந்தது. திருகு எடுக்கும் கருவியால் நெம்பித் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். உள்ளே நாலைந்து மரத் துண்டுகள் கிடந்தன.

"இதுவா பாரு."

இதுதான். சந்தேகமே இல்லை.

"உன் அலமாரில மிச்சமான துண்டு. மூடி வச்சா இந்த மரம் புளிக்கும், அக்கா. இதுல இரும்பு ஆணி அடிச்சா கறுத்துப் போகும். அதனாலதான் எல்லாத்துக்கும் பித்தளைத் திருகு போட்டேன். ஆச்சாரி எல்லாருக்கும் தெரியும் இது."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். இரும்பு செய்யச் சொல்லு, நான் வேற வேலை பார்த்துக்கறேன்னு முதல்லயே சொன்னேன். சரி, மரம்தான்னா ஆறு மாசம் கதவைத் திறந்து போடு, பின்பக்கம் காத்து போக ஓட்டை விடுறேன்னு சொன்னேன். நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. ஓட்டை வைக்கிறவன் தச்சனா, வண்டா என்று கேட்டிருந்தேன். எறும்பு மூச்சு விடக்கூட இடம் இருக்கக் கூடாது என்று சொல்லி, ஒவ்வொரு இழுப்பறையின் விளிம்பிலும் கம்பளித் துணி ஒட்ட வைத்தேன். அவனும் செய்தான். இழுத்து மூடினால் காற்று அடங்கும் சத்தம் கேட்கும், அவ்வளவு நேர்த்தி. ஒரு சோம்பேறி ஆச்சாரி சந்து விட்டுச் செய்திருந்தால் புளிப்பு வெளியே போயிருக்கும். என் தம்பி நன்றாகச் செய்ததால்தான் ஓடுகள் கெட்டன. வேலியே பயிரை மேய்ந்தது, அந்த வேலியை எனக்குத் தெரிந்த நல்ல கையைக்கொண்டு நானே போட்டேன்.

"கத்திச் சொல்லியிருக்கலாமேடா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உன்கிட்ட யாரு கத்த முடியும்?"

தம்பி மனைவி தண்ணீரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் கணக்கு எப்போதும் நேரானது. இரண்டாவது கூடத்துக்கு இன்னும் முப்பது இழுப்பறை செய்யும் வேலை தம்பிக்குத்தான் வந்திருந்தது, பலகை அறுத்து அடுக்கியாயிற்று. "ஏன் அண்ணி, இதை வெளியில சொல்லித்தான் ஆகணுமா? அந்த ஆளு மேடையில நின்னு சந்தோஷப்பட்டுட்டுப் போகட்டும். இவருக்கு வேலை இருக்கும். உங்களுக்கும் மானம் போகாது. கல்லுக்கு என்ன, வலிக்கவா போகுது?"

அவள் சொன்னதை நான் ஏற்கெனவே யோசித்துவிட்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இன்னும் கேவலமாகவும் யோசித்தேன். வெள்ளிக்கிழமை தண்ணீர் விட்டு மேடையைக் கவிழ்த்துவிட்டு, காரணம் கேட்டால் மழை என்று சொல்லிவிடலாம். மழை வந்து மறுக்கவா போகிறது? ஆனால் காரணம் மழை என்றால் ஓடுகள் எல்லாம் அதே இழுப்பறைக்குத்தான் திரும்பிப் போகும்.

தம்பி டப்பாவை மூடி, மூடியைக் கைமுட்டியால் குத்தி இறுக்கினான். "அந்தச் சின்னதும் அதுலதானே இருக்கு? அதுக்குன்னே இழுப்பறையில நான் குழி குடைஞ்சு கொடுத்தேனே, அதையும் தின்னுதா?"

"அதைத்தான் முதல்ல."

"அப்ப சொல்லிடு" என்றான். அவன் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை எல்லா இழுப்பறைகளையும் திறந்து முகர்ந்தேன், நாய் மாதிரி. அதன்பின் எதையும் மூடவில்லை. எல்லாவற்றிலும் அதே வாசனை. வெள்ளை ஐந்து ஓட்டில் அல்ல, நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் இருந்தது. சிலவற்றில் நன்றாகவே கனத்திருந்தது, இரண்டு மாதத்தில் வந்ததல்ல. போன வருடமே ஆரம்பித்திருக்கிறது. அப்போதெல்லாம் எனக்கு எதைப் பார்த்தாலும் வெள்ளைத் திரை போட்டதுபோல்தான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓடுகள் பளிச்சென்று இருக்கின்றன, என் அலமாரியின் அருமை என்று பத்துப் பேரிடம் பீற்றியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை கூட்டம். நாற்காலிகள் நிறைந்திருந்தன, ஏனென்றால் காபியும் கேக்கும் உண்டென்று அழைப்பில் போட்டிருந்தார்கள். மேடை தன் பெயருக்குரிய இடத்தில் ஏறி நின்று முக்கால் மணி நேரம் பேசினார். பூமி தோன்றியதிலிருந்து ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் திரையில் கடைக்குட்டி ஆள் உயரத்துக்கு நின்றது, வெள்ளை மயிர் போர்த்துக்கொண்டு. நான் கண்ணாடித் தட்டில் உண்மையான கடைக்குட்டியை வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெயரைச் சொன்னார். கைதட்டினார்கள். நான்கு நாளாக நான் காத்திருந்த நேரம் அது, அதில் ருசி ஒன்றும் இல்லை.

"இப்ப நம்ம அம்மா அந்த மாதிரியை எல்லாருக்கும் காட்டுவாங்க" என்றார்.

நான் மேலே ஏறி, தட்டைக் காமிராவுக்கு அடியில் வைத்தேன். சொட்டுக் குழாயால் வடித்த நீர் ஒரு துளி விட்டேன். திரையில் வெள்ளை ஊசிகள் சரிந்து, படுத்து, காணாமல் போயின. ஏழு தெரிந்தது.

"என்ன பண்றீங்க? என்ன பண்றீங்க!" என்று மேடை தாவி வந்தார்.

"இது கனிமம் இல்ல, சார். மண்ணுக்குள்ள விளையல, நம்ம இழுப்பறைக்குள்ள விளைஞ்சது. என் எண்ணுக்கு மேல நிக்குது பாருங்க. அலமாரி மரத்துல இருந்து வர்ற புளிப்பு ஓட்டைத் தின்னுது. நூத்துப் பன்னெண்டு ஓடு கெட்டிருக்கு."

மேடைக்கு மூளை மெதுவாகத்தான் ஓடும், ஆனால் பழியைத் தள்ளும் பக்கம் மட்டும் விரைவாக ஓடும். "மர அலமாரியா? யார் சொல்லி மர அலமாரி செஞ்சது? யார் செஞ்சது?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.

"செஞ்சவர் மேல தப்பு இல்ல. காத்து போக வழி விடணும்னு சொன்னார், நான்தான் விடல. இரும்புதான் சரின்னு கிடங்கு சார் இதே கூடத்துல சொன்னார். நான் அவரைப் பேச விடாம, பிஸ்கட் டப்பான்னு கிண்டல் பண்ணினேன். நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். தப்பு என்னோடது."

பின் வரிசையில் யாரோ, "அப்ப பிஸ்கட் இப்ப நமுத்துப் போச்சா?" என்றார். கூடம் சிரித்தது. மூன்று வருடத்துக்கு முன் சிரித்த அதே சிரிப்புதான், கொஞ்சமும் பழசாகவில்லை. எனக்குக் காது வரை சுட்டது. அவமானம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது, விற்றிருக்கிறேன், வாங்கியதில்லை. கடைசி நாற்காலியில் தகரம் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து கதவு வழியாக வெளியே போவதைப் பார்த்தேன்.

மேடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பூனையை எப்படித் தூக்கிப் போட்டாலும் காலூன்றித்தான் விழும். இரண்டு நிமிடத்தில் ஒலிபெருக்கியைத் திரும்பப் பிடித்துக்கொண்டு, சேகரிப்புகளை அழிக்கும் ஒரு ஆபத்தைத் தக்க நேரத்தில் தன் நிர்வாகம் கண்டுபிடித்துவிட்டது என்று பேச ஆரம்பித்தார். பத்திரிகைக்காரர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். காபி ஆறுவதற்குள் முடித்தார் என்பதே அவர் செய்த ஒரே நல்ல காரியம்.

கடைக்குட்டியை என் ஜன்னலுக்குக் கொண்டுபோய் முழுதாகக் கழுவினேன். நான்கு முறை நீர் மாற்றி, ஒற்றி எடுத்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். வெள்ளை போயிருந்தது. வெள்ளைக்கு அடியில் இருந்ததும் அதோடு போயிருந்தது. வரிகளை எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், பத்தொன்பதுதான். மற்ற இடமெல்லாம் வாயில் போட்டுச் சப்பிய மாத்திரைபோல் மொழுக்கென்று இருந்தது. ஒன்பது கோடி வருடம் மண்ணும் கடலும் மலையும் சேர்ந்து அழிக்காத இருபத்திரண்டு வரிகளை நான் மூன்றே வருடத்தில் அழித்திருந்தேன், அதுவும் பத்திரமாக வைத்து. திங்கட்கிழமை காரணம் தெரியாவிட்டாலும், அந்த இழுப்பறைக்குள் வைக்காமல் வெளியிலேயே விட்டிருக்கலாம். வேடிக்கை பார்க்கும் ஆசையில் மூன்று இரவு திரும்பத் திரும்ப உள்ளே வைத்து அழுத்தி மூடினேன். மூன்று இரவில் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் போட முடியாது. போட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சேதப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். மரம் என்று எழுத மனம் வரவில்லை.

இருட்டுமுன் இடம் பார்க்க வேண்டும். தட்டை ஏந்திக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் இருந்த கிடங்குக்குப் போனேன். வழி முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியம் தேடினேன். குத்தலாக ஆயிரம் வாக்கியம் வாயில் இருந்தது, கேட்பதற்கு ஒன்று கிடைக்கவில்லை.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இரண்டு இரும்பு அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் காலி. தட்டுகளில் புது அட்டை விரித்திருந்தது.

"இவ்வளவு நேரத்துல எப்படி சார் காலி பண்ணினீங்க?"

"காலி பண்ணலம்மா. மூணு வருஷமா காலியாதான் வச்சிருக்கேன்" என்றார். "என்னைக்காவது தேவைப்படும்னு தோணிச்சு."

குத்திச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. துணியை உதறி, அடுத்த தட்டைத் துடைக்கப் போய்விட்டார். குத்தியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மன்னிச்சிடுங்க, சார்" என்றேன். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நான் முதல் தடவையாகச் சொன்ன வார்த்தை அது, சரியாக வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, தட்டுக்குக் கையை நீட்டினார்.

கடைக்குட்டியை மேல் தட்டில், நடுவில் வைத்தார். நான் பழக்கதோஷத்தில் கதவைப் பிடித்து அழுத்தி மூடினேன். அவர் அதை மறுபடி ஒரு விரல் அகலம் திறந்து வைத்தார்.

"ஈரம் போகட்டும். கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும்மா."

"சரி, சார்" என்றேன். அடுத்த தட்டை எடுத்து வர மேலே போனேன். இன்னும் நூற்றுப் பதினொன்று இருந்தன.